கை மட்டும் மறையவில்லை: வல்லத்து லைன்மேனும் இரும்புக்கை மாயாவியும்

ஒரு மனிதன் மறைந்துவிடுகிறான். தலை, உடம்பு, கால், போட்டிருக்கும் சட்டை எல்லாமே காணாமல் போய்விடுகின்றன. வலது கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. இரும்புக் கை.

தமிழ் காமிக்ஸ் உலகத்தின் மிகப் பிரபலமான காட்சி இதுதான். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் என்று இருந்த ஊரிலிருந்து எம். சௌந்தரபாண்டியன் என்ற பதிப்பாளர் கொண்டுவந்த புத்தகம். இன்று 50, 60 வயதுகளில் இருக்கும் பலரிடம் 'மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள், மனிதர் பத்து வயதுக்குப் போய்விடுவார்.

ஆனால் அந்த முதல் கதை நல்ல கதையா?

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது வல்லம். அங்கே வசிக்கும், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், 'யோசனை பிரமாதம், கதையில ஏகப்பட்ட ஓட்டை' என்கிறார். அதைச் சொல்ல அவருக்குக் கூடுதல் உரிமை உண்டு. கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள 40 வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர் அவர்.

முதலில் கதை. லூயிஸ் கிராண்டெல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூட உதவியாளன். முன்பு நடந்த விபத்தில் வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தப்பட்டிருக்கிறது. ஒருநாள் கூடத்தில் மறுபடி விபத்து. உயர் அழுத்த மின்சாரம் அவன் உடம்பில் பாய்கிறது. சாக வேண்டியவன் சாகவில்லை, மறைகிறான். கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்புகிறது. மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி ஷாக் வாங்க வேண்டும்.

இந்தச் சக்தி கிடைத்ததும் அவன் என்ன செய்கிறான்? ஊரைக் காப்பாற்றவில்லை. திருடுகிறான். கதை போகப் போக நியூயார்க்கையே குண்டு வைத்துத் தகர்க்கத் துணிகிறான். ஆமாம், நம்முடைய மாயாவி முதல் கதையில் வில்லன். பின்னால் வந்த இதழ்களை மட்டும் படித்தவர்களுக்கு இது இன்றைக்கும் அதிர்ச்சியாக இருக்கும்.

வல்லத்துப் பையனுக்கு 1972 கோடை விடுமுறையில் 11 வயது. அன்றைக்கு அந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டம். வீட்டில் கரண்ட் கிடையாது, சிம்னி விளக்குதான். திண்டிவனத்துக்கு அப்பாவோடு மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது, ஒரு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய அட்டைப்படத்தைப் பார்த்திருக்கிறான். அப்பாவிடம் கேட்டால் அடிதான் கிடைக்கும். அடுத்த முறை போகும் முன் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு அடியில் இருந்த சில்லறையை எடுத்துக்கொண்டான்.

பெட்டியில் காசு குறைந்தது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. பழி விழுந்தது அண்ணன் மேல். அண்ணனுக்கு அப்போது 15 வயது. செஞ்சிக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வரும் பழக்கம் உள்ளவன் என்பதால் யாரும் விசாரிக்கவே இல்லை. புளியமிளாறு பேசியது. தம்பி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

புத்தகம் வைக்கோல் போருக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்குப் போய்ப் படிப்பான். அங்கேதான் வெளிச்சம், அங்கேதான் தனிமை. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்து கரண்ட் இருந்த ஒரே இடமும் அதுதான். பக்கத்து நிலத்துக்காரரின் பம்ப்செட்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று, கிராண்டெல் திருடனாகிவிட்டான். தானும் திருடன். திருடனுக்குக் கடைசியில் என்ன ஆகும் என்பது அந்தப் பையனுக்கு வெறும் கதை இல்லை. இன்னொன்று, மறைந்து போகும் வழி புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. மோட்டார் கொட்டாயில் மூன்று பியூஸ் கேரியர்கள் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன.

புத்தகத்தில் முக்கால்வாசி முடிந்திருந்த நாளில், வலது கையில் பித்தளைக் கரண்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போர்டுக்கு முன்னால் நின்றவனை, கஞ்சி கொண்டுவந்த அம்மா பார்த்துவிட்டார். தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்த வேகத்தில்தான் அவர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார். அதை அவரே சொல்வார். அன்று ராத்திரி நெல் அவிக்கும் அடுப்பில் மாயாவி எரிந்து போனான். கூட்டாளியிடம் இரவல் வாங்கியது என்று பையன் சொன்னதை வீடு நம்பிவிட்டது.

(இதைப் படிக்கும் சின்னப் பிள்ளைகள் கவனிக்க: பம்ப்செட்டுக்கு வரும் மூன்று பேஸ் கரண்ட் 400 வோல்ட்டுக்கு மேல். வீட்டு பிளக்கில் 230 வோல்ட். இரண்டுமே ஆளை மறைய வைக்காது. கொல்லும்.)

அதற்குப் பிறகுதான் உண்மையான மர்மம் ஆரம்பித்தது. பிற்பாடு இரவல் கிடைத்த 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்' போன்ற இதழ்களில் மாயாவி நல்லவன். நிழற்படை என்ற ரகசிய அமைப்புக்காக வேலை செய்கிறான். இரும்பு விரலிலிருந்து குண்டு பாய்கிறது, வாயு பீய்ச்சுகிறது. உலகத்தை அழிக்க வருகிற கூட்டத்தை எதிர்க்கிறான். சரி, நியூயார்க்கைத் தகர்க்கப் போனவன் எப்படி நியாயத்தின் பக்கம் வந்தான்? நடுவில் என்ன நடந்தது? யாராவது மன்னித்தார்களா? ஜெயிலுக்குப் போனானா?

பள்ளிக்கூடத்தில் முதல் இதழை முழுசாகப் படித்ததாகச் சொன்ன பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் நாலு முடிவு சொன்னார்கள். கையை உலையில் போட்டு உருக்கிவிட்டார்கள் என்றான் ஒருவன். கடலில் விழுந்து தப்பித்தான் என்றான் இன்னொருவன். எதுவும் ஒட்டவில்லை. ஆகவே இவரே முடிவு கட்ட ஆரம்பித்தார். விதை மல்லாட்டை உடைக்க ராத்திரி எல்லோரும் உட்காரும்போது, தங்கைகளுக்கு மாயாவி கதை சொல்வது இவர் வேலை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் மாயாவி பிடிபடுவான். ஒவ்வொரு தடவையும் கையை வைத்துத்தான் பிடிப்பார்கள். ஒருமுறை சுண்ணாம்புச் சுவரில் பதிந்த விரல் தடம். ஒருமுறை மழையில் துருப்பிடித்து மடங்காமல் போன விரல். அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருப்பார். கதை கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டார்.

பின்னாளில் இவர் மின்வாரியத்தில் சேர்ந்ததற்கும் மாயாவிக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டால் சிரிக்கிறார். 'கவர்ன்மென்ட்டு வேலை கெடச்சுது, போனேன்.' ஆனால் ஒரு ராத்திரியை மட்டும் சொல்கிறார். 2011 டிசம்பர் கடைசியில் கடலூர், புதுச்சேரிக் கரையைத் தானே புயல் புரட்டிப்போட்டது. கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. வெளி ஊர்களிலிருந்து ஊழியர்கள் போனார்கள். இவரும் போனார். ஊரே இருட்டு. கம்பத்தின் மேல் ஏறிய சக ஊழியர் மீது கீழிருந்து டார்ச் அடித்தபோது ஆள் தெரியவில்லை. ரப்பர் உறை போட்ட கை மட்டும் வெளிச்சத்தில் தெரிந்தது. 'அடப்பாவி, மாயாவி' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாராம்.

முதல் கதை மறுபதிப்பாகத் திரும்பவும் வந்தபோது, சென்னையில் வேலை பார்க்கும் மகன் வாங்கிவந்து கொடுத்தார். திண்ணையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தார். 11 வயதில் நின்ற பக்கத்தைத் தாண்டும்போது கை நடுங்கியது என்கிறார். அது மிகைப்படுத்தலாக இருக்கலாம். முடிவு என்ன தெரியுமா?

விபத்தில் அவன் மூளை குழம்பிவிட்டது. அதனால்தான் கெட்டவனாகத் திரிந்தான். அது சரியானதும் பழைய நல்ல மனிதனாகிவிட்டான். அவ்வளவுதான்.

'இவ்ளோதானா?' என்று புத்தகத்தை மூடி வைத்தவரிடமிருந்து அதை எடுத்துப் படித்தது ஒன்பதாம் வகுப்புப் பேத்தி. அவளுக்கு வேறு சந்தேகங்கள்.

'தாத்தா, ஆளு மறையறான், சரி. சட்டை எப்படித் தாத்தா மறையும்?'

'அத ஏன் கண்ணு என்னக் கேக்கற, எழுதுனவனக் கேளு.'

'சட்டை மறையுதுன்னா கையும்தான மறையணும்? ரெண்டுமே உடம்புல மாட்டுனதுதான?'

சரியான அடி. இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய மறையும் மனிதன் நாவலில் இந்தச் சிக்கலுக்கு நேர்மையாகவே பதில் சொல்லியிருப்பார். உடம்புதான் மறையும், துணி மறையாது. அதனால் அந்தக் கதாநாயகன் குளிரில் அம்மணமாக நடுங்கிக்கொண்டு தெருவில் ஓட வேண்டியிருக்கும். மாயாவி கதையில் அந்தக் கஷ்டமே கிடையாது. குழந்தைகள் பத்திரிகையில் வேறு எப்படி வரைய முடியும் என்பது நியாயமான கேள்விதான்.

லைன்மேனுக்குத் தொழில்ரீதியான புகார்கள் தனி. கரண்ட் உடம்பில் தங்காது, பூமிக்கு இறங்க வழி தேடும். உலோகக் கையால் உயிருள்ள கம்பியைத் தொட்டால் அந்தக் கை வழியாக ஏறி, இதயத்தைத் தாண்டி, கால் வழியாக இறங்கும். தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், உதற முடியாது. 'பீங்கான் இன்சுலேட்டர் மேல நின்னானா? ரப்பர் செருப்பு போட்டிருந்தானா? ஒண்ணுமே சொல்லல. ஷாக் வாங்கிட்டு எழுந்து ஓடறான். நாங்க அத வாங்கிட்டு எழுந்தவன ரொம்பப் பாத்ததில்ல.' சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் மாறுகிறது. எத்தனை பேரைத் தூக்கியிருப்பார் என்று யாரும் கேட்பதில்லை.

இந்த ஓட்டைகளுக்கெல்லாம் ஒரு பூர்வீகம் உண்டு. இங்கிலாந்தில் 1962 அக்டோபர் 6 தேதியிட்டு வந்த 'வேலியன்ட்' வார இதழின் முதல் இதழில் தொடராக ஆரம்பித்தது இந்தக் கதை. தொடங்கி எழுதியவர் அறிவியல் கதைகள் எழுதிய கென் புல்மர். பின்னர் நீண்ட காலம் எழுதியவர் டாம் டுல்லி. வாரத்துக்குச் சில பக்கம். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் ஏதாவது திடுக்கிட வைக்க வேண்டும். போன வாரம் என்ன எழுதினோம் என்று பையன்கள் மறந்திருப்பார்கள் என்ற தைரியமும் உண்டு. அதையெல்லாம் ஒரே புத்தகமாகச் சேர்த்தால், நம் ஊர் மெகா சீரியலை ஒரே நாளில் பார்த்த மாதிரி ஆகிவிடும். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும்.

காப்பாற்றியது படம்தான். வரைந்தவர் ஸ்பெயினின் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. நிழலும் வெளிச்சமுமாக, கறுப்பை அள்ளிக் கொட்டி வரைந்திருப்பார். காலி நாற்காலி, திறந்த கதவு, கதவின் பிடியில் ஒரு கை. வசனமே இல்லாமல் பயம் வரும். தாள் மட்டமாக இருந்தாலும், மை கொஞ்சம் தீற்றியிருந்தாலும் அந்தக் கை மட்டும் பளிச்சென்று தெரியும்.

ஆனால் பேத்தி சொன்ன சட்டை விவகாரமோ, தாத்தா சொன்ன எர்த் விவகாரமோ இந்தக் கதையின் பெரிய குறை இல்லை. பெரிய குறை அந்த முடிவு.

அதே 1962இல், அமெரிக்காவில் ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழில் இன்னொருவன் அறிமுகமானான். ஸ்பைடர்மேன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் வெறும் 11 பக்கத்தில் முடித்த கதை. அவனும் சக்தி கிடைத்ததும் காசு சம்பாதிக்கத்தான் போகிறான். கண்ணெதிரே ஓடும் திருடனை, எனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். பிறகு அதே திருடன் அவனுடைய பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். அந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்துதான் ஸ்பைடர்மேன் பிறக்கிறான். செய்ததற்கு அவன் விலை கொடுத்தான். கிராண்டெல் கொடுத்த விலை என்ன? மூளை குழம்பியது என்று ஒரு டாக்டர் சர்டிபிகேட். லீவு லெட்டருக்குத்தான் அது செல்லும்.

இத்தனைக்கும், கதையின் அடிப்படை யோசனையே எதிர்த்திசையில் இழுக்கிறது. ஆள் தெரியவில்லை, முகம் தெரியவில்லை, பெயர் தெரியவில்லை. காரியம் செய்த கை மட்டும் தெரிகிறது. இப்படி ஒரு யோசனை அமைந்துவிட்டால் கதாசிரியர் பாதி ஜெயித்த மாதிரி. 1987இல் வந்த 'மிஸ்டர் இந்தியா' இந்திப் படத்தில் கதாநாயகன் சிவப்பு வெளிச்சத்தில் மட்டும் தெரிவான். சுவாரசியமான ஏற்பாடுதான், ஆனால் அது தந்திரம். இரும்புக் கை தந்திரம் மட்டும் இல்லை. எங்கே ஒளிந்தாலும் அது கூடவே வந்து காட்டிக்கொடுக்கும். அந்த யோசனையைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் 'அவன் மேல் தப்பில்லை' என்று எழுதியதுதான் ஏமாற்றம்.

மல்லாட்டை உடைத்துக்கொண்டு ஒரு பையன் சொன்ன முடிவுகள் இதைவிட நன்றாக இருந்தன. சுண்ணாம்புச் சுவரில் விரல் தடம் என்பதை யாராவது இன்றைக்கு வரைந்தால்கூட எடுபடும்.

ஆனாலும் அந்த முதல் இதழ் விற்றது. அடுத்தடுத்து வந்த மாயாவி கதைகளும் விற்றன. முத்து காமிக்ஸ் 2022இல் பொன்விழாக் கண்டது. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே மாதம் ராணி காமிக்ஸும் வந்தது. லயனில் மாடஸ்டி, ராணியில் ஜேம்ஸ்பாண்ட். இருவருமே திறமையில் குறை சொல்ல முடியாதவர்கள், தோற்றத்தில் பளபளப்பானவர்கள். ஆனால் வல்லம் மாதிரி ஊர்களில் பையன்கள் விளையாடும்போது ஜேம்ஸ்பாண்ட் ஆக முடியாது. கோட்டு வேண்டும், துப்பாக்கி வேண்டும், கார் வேண்டும். மாயாவி ஆவதற்கு ஒரு கையை நீட்டினால் போதும். மற்ற எல்லாம் மறைந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

பேத்தியின் தீர்ப்பு பத்துக்கு ஐந்து. 'ஐடியாவுக்கு அஞ்சு, கதைக்கு ஜீரோ, தாத்தா.' அடுத்த பாகம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறாள். ஜீரோ கொடுத்தவள் அதை ஏன் கேட்கிறாள் என்று தாத்தா கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவருக்கே நாற்பது வருஷமாகப் பதில் தெரியாது.

அந்த வாரமே அவர் புத்தகத்தை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார். அண்ணன் அங்கேதான் இருக்கிறார். அரிசி மண்டியில் கணக்கு எழுதி, அதுவும் விட்டு, இப்போது வீட்டோடு இருக்கிறார். கால் வலி.

காபி வந்தது, குடித்தார்கள். மழை, மணிலா விலை, பேரப்பிள்ளைகள் என்று பேச்சு சுற்றி வந்தது. கடைசியில் புத்தகத்தை எடுத்து அண்ணன் மடியில் வைத்தார்.

'அண்ணே, அம்மா அஞ்சறைப்பெட்டியில காசு போச்சே, ஞாபகம் இருக்கா? நீ அடி வாங்குனியே. அந்தக் காசு இதுக்குத்தான் போச்சுண்ணே. நான்தான் எடுத்தேன்.'

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். உள்ளே நாலு பக்கம் புரட்டினார். விலை போட்டிருக்கும் இடத்தைத் தேடினார்.

'இதுக்காடா?' என்றார். 'இதோட வெலைக்கு நான் வாங்குன அடி ரொம்ப ஜாஸ்திடா.'

உள்ளே போய்ப் படுத்துவிட்டார். தம்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணிதான், 'சாப்ட்டுட்டுப் போங்க தம்பி' என்று இலை போட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. புத்தகத்தை விட்டுவிட்டுப் போ, படித்துவிட்டுத் தருகிறேன் என்று.

மூன்று மாதம் ஆகிறது. இன்னும் வரவில்லை. பேத்தி கேட்கிறாள் என்று போன் போட்டால், 'அவன் இன்னும் பிடிபடலடா, பொறு' என்கிறாராம்.